ஃபிலிமில் போட்ட வரப்பு

ஸ்கேன் ஃபிலிமில் இருந்த கட்டி நேற்றுவரை உரித்த முட்டை மாதிரி இருந்தது. இன்று மத்தியானம் அதன் ஓரத்தில் ஒரு பிசிறு.

மங்களாம்பிகை அந்த ஃபிலிமை ஜன்னல் கம்பியில் மாட்டிப் பத்து நாளாகிறது. தெருவே வந்து பார்த்தாயிற்று. அவள் கல்யாண ஆல்பத்துக்குக்கூட இத்தனை கூட்டமில்லை. தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை வந்தவர்களுக்கெல்லாம் அவளே ஒப்பித்தாள்: தன் தொடைக்குள் இருப்பது வெறும் கொழுப்புக் கட்டி, ஓரம் தெளிவாக இருக்கிறது, பக்கத்துச் சதைக்குள் இறங்கவில்லை. இறங்கினால்தான் புற்றோ என்று பயப்பட வேண்டும்.

எல்லை விஷயத்தில் அவளிடம் யாரும் கதை விட முடியாது. அடுத்த வயல் தங்கையன் வரப்பு வெட்டுகிற சாக்கில் வருஷா வருஷம் நாலு விரல் உள்ளே வருவதும், இவள் மண்வெட்டியோடு போய் நிற்பதும் ஊரறிந்த சங்கதி.

விதை மூட்டையில் பெயர் எழுதும் நீல மார்க்கரை எடுத்து, ஃபிலிமில் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"இதான் உன் வரப்பு. தாண்டிப் பாரு."

மறுநாள் மத்தியானம் தாண்டியிருந்தது.

எதிர்வீட்டு ஞானாம்பாளைக் கூப்பிட்டாள்.

"அதே முட்டைதாங்க்கா. நீங்கதான் கிறுக்கி அசிங்கம் பண்ணி வச்சிருக்கீங்க."

"கோட்டுக்கு வெளியில வெள்ளையா ஒண்ணும் தெரியல?"

"ஃபிலிம் எங்கயாவது வளருமா? தங்கையன் ஊர்ல இல்லேன்னதும் இதோட மல்லுக்கு நிக்கிறீங்க!"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நாளைக்கு முதல் பஸ், தொடையை மறுபடி ஸ்கேன் எடுத்துவிடுவது என்று மங்களாம்பிகை முடிவு செய்தாள்.

கரண்ட் போயிற்று. மின்விசிறி முனகி முனகி நின்றவுடன், வாய்க்கால் மதகில் தண்ணீர் களகளக்கும் சத்தமும் ஈர வைக்கோல் புழுங்குகிற வாடையும் ஒன்றாக உள்ளே வந்தன. வெயில் ஃபிலிமை ஊடுருவி, உட்கார்ந்திருந்தவளின் தொடைமேல், சரியாக அந்தக் கட்டியின் மேலேயே, சாம்பல் படமாக விழுந்தது.

கம்பி நிழல் அசையவில்லை.

வெள்ளை அசைந்தது.

தொடைக்குள் சுருக்கென்றது. எழுந்தாள். ஃபிலிமில் இன்னும் வெளியே தள்ளிக் கோடு போட்டாள். தாண்டியது. இன்னொன்று. அதையும்.

"எவ்வளவு தூரம் போவே? நானும் வரேன்."

ஃபிலிமின் விளிம்பு. இதற்குமேல் இடமில்லை. மார்க்கரை அங்கே ஊன்றினாள்.

உள்ளிருந்து ஒரு வெள்ளை இழை நீண்டு வந்து மார்க்கர் முனையைத் தொட்டது. நின்றது. இடப்பக்கம் நகர்த்தினாள். கூடவே வந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டை இழுத்தாள்.

நீல மார்க்கர் வெள்ளையாக எழுதத் தொடங்கியது.