முப்பதடிக் கூடம்

மாலை ஆறு மணி ஆனதும் செழியன் தம் வீட்டை அளப்பார். அலுவலகச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே ஆணியில் தொங்கும் எஃகு நாடாவை எடுத்துக்கொண்டு, கூடத்தின் கிழக்குச் சுவரோரம் குந்தி உட்காருவார். நாடாவின் கொக்கியைச் சுவரடியில் பதித்து, மேசைக்கு அடியிலும் நாற்காலிக் கால்களுக்கு இடையிலும் அதை ஊரவிட்டு, மேற்குச் சுவரில் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். நீளம் இருபது அடி. அகலம் பதினெட்டு அடி. பிறகு இரண்டு படுக்கையறைகள், சமையலறை. எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கும். நாட்காட்டியில் அன்றைய தேதியின்மேல் ஒரு சரிக்குறி இட்டுவிட்டுத்தான் காப்பிக்குக் குரல் கொடுப்பார்.

நகர அளவைத் துறையில் முதுநிலை அளவர் அவர். பிறர் நிலத்தைப் பகலெல்லாம் அளந்துவிட்டு வந்து சொந்த வீட்டையும் அளக்கிற மனிதரைப் பார்த்து, அவர் மனைவி பிரதீபா முதலில் சிரித்தார், பிறகு சலித்தார், பிறகு விட்டுவிட்டார். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

வீடு வாங்கிய நாளில் இருவருக்கும் இடையே நடந்தது சிறு வழக்கன்று. நகரத்தின் நடுவே இரண்டே அறை கொண்ட அடுக்ககம் ஒன்று, பிரதீபா மருந்தாளுநராக இருந்த மருத்துவமனைக்கு எதிரிலேயே கிடைத்தது. அதே விலைக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி ஆலம்பேட்டில், சுவரோடு சுவராக நின்ற பன்னிரண்டு வீடுகளில் ஆறாவது வீடு, கூடமும் கொல்லையுமாகக் கிடைத்தது. "கை காலை நீட்டிப் படுக்க இடம் வேணாமா?" என்றார் செழியன். "படுக்க நேரம் வேணாமா?" என்றார் பிரதீபா. இறுதியில் கூடம் வென்றது. பதினொரு ஆண்டுகள் பிரதீபா நாள்தோறும் நான்கு மணி நேரத்தை இரயிலில் நின்றபடியே கழித்தார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பேசாததுதான் செழியனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அண்மையாக்கி சந்தைக்கு வந்தது.

மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. அதை நிலைக்கதவின் சட்டத்தில் பொருத்தித் திருகினால், கதவுக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள தொலைவு மடங்கிப் போகும். முழுமையாகத் திருகிவிட்டால் முன்கதவைத் திறந்து கால் வைக்கும் இடம் நகரத்தின் வாயில் வீதி. அங்கே ஆயிரக்கணக்கான கதவுகள் வரிசையாக நிற்கும். பின்கதவு மட்டும் பழையபடி ஆலம்பேட்டுக் கொல்லையிலேயே திறக்கும். இதனால் கருவி பொருத்தியவர்களை அண்டை வீட்டார் பார்ப்பதெல்லாம் கொல்லைப்புறத்தில் என்றாகிவிட்டது.

பொருத்த வந்த இளைஞர் திருப்புளியை வாயில் கவ்வியபடி விதியை விளக்கினார். "எதுவும் சும்மா வராது சார். ஒரு கிலோமீட்டர் கிட்ட வந்தா ஒரு சதுர அடி உள்ள போகும். எது ரொம்பக் காலியா கிடக்கோ, ஆளும் சாமானும் படாத இடம் எதுவோ, அங்கருந்து எடுத்துக்கும்."

"காலியா இடமே இல்லன்னா?"

"அதெப்படி சார் இல்லாமப் போகும்?" என்று சிரித்துவிட்டு, அவர் வேறோர் ஊர் வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

அந்தக் கேள்வியைச் செழியன் இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாறாக, அவர் அலமாரிகள் வாங்கினார். உறவினர் வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கிய கட்டில்களையும் முக்காலிகளையும் கேட்டு வாங்கினார். கையளவு தரைகூட வெறுமையாக இல்லாதபடி வீட்டை நிரப்பிவிட்டுத் திருகியை முழுமையாகத் திருப்பினார். கதவு நகரத்தில் திறந்தது. நாடாவை எடுத்து அளந்தார். இருபது அடி, ஓர் அங்குலமும் குறையவில்லை! கதைகளில் வரும் நரி இப்படித்தான், தன் வால் எங்கே சிக்கியிருக்கிறது என்று திரும்பிப் பாராமல் தன் தந்திரத்தை மெச்சிக்கொள்ளும்.

பெரிய வீடும் கிடைத்தது. நல்ல இடமும் கிடைத்தது. பிரதீபா ஏழு நிமிடத்தில் பணிக்குப் போனார். மாலையில் வந்து, பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தார்.

நான்கு மாதம் கழித்து, ஏழாம் வீட்டு மிருணாளினி கொல்லைவழியாக வந்து நின்றார். பரதம் கற்பிப்பவர். ஆலம்பேட்டுக்கு அவர் வந்ததே கூடத்துக்காகத்தான். முப்பதடி நீளமும் பதினெட்டடி அகலமுமான அந்தக் கூடத்தில் ஒரு பாய்கூடக் கிடையாது. மாணவியர் பயிலும் மாலை இரண்டு மணி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது வெறிச்சென்று கிடக்கும்.

"செழியன் சார், ஒரு சின்ன உதவி. சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"எங்க கூடத்தக் கொஞ்சம் அளந்து சொல்றீங்களா? இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு எனக்குப் பதினஞ்சு அடவு. பத்து வருஷமா அதே கணக்கு. இப்ப பதினாலுலயே சுவர் வந்து நிக்குது. தரைக்கல்ல எண்ணிப் பாத்தேன். அதே முப்பது கல் இருக்கு."

செழியன் நாடாவுடன் போனார். கற்கள் முப்பதுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு முக்கால் அங்குலத்துக்கும் சற்றுமேல் குறைந்திருந்தது. இடம் சுருங்கும்போது அதில் ஒட்டிய கல்லும் சேர்ந்து சுருங்கும். வெளியிலிருந்து கொண்டுவந்த நாடா சுருங்காது. நாடா இருபத்தெட்டு என்றது. இரண்டு அடி குறைவு. அகலத்தோடு பெருக்கினால் முப்பத்தாறு சதுர அடி. முப்பத்தாறு கிலோமீட்டர்.

பொருத்துநரிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை செழியனின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அவர் வீட்டில் வெறுமை கிடைக்காத கருவி, பொதுச்சுவரைத் தாண்டிப் போய்த் தேடியிருக்கிறது.

பின்னால் மிருணாளினி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பிரதீபாவின் பாட்டும் நினைவுக்கு வந்தது. செழியன் விரலை எடுத்தார். நாடா சீறிக்கொண்டு உறைக்குள் ஓடியது.

"முப்பதுதான் டீச்சர். சரியா இருக்கு."

"அப்ப என் கால்தான் தப்புதா?"

"கால் கொஞ்சம் நீண்டிருக்கும்" என்றார் செழியன், வேடிக்கைபோல. மிருணாளினி சிரிக்கவில்லை. அளவரே சொன்னபிறகு அவர் வேறு யாரைக் கேட்பார்?

அதன்பிறகும் செழியன் நாள்தோறும் அளந்தார். தம் வீட்டை மட்டும் அளந்தார். கொல்லையில் சந்திக்கும் பிற வீட்டார், "உங்க வீட்ல எவ்ளோ போச்சு சார்?" என்று கேட்டபோது பழைய பெருமை வாயை முந்திக்கொண்டது. "ஓர் அங்குலம் போகல. வீட்ட மட்டும் நெறச்சு வைங்க" என்றார். ஓராண்டுக்குள் மேலும் நான்கு வீடுகள் அலமாரிகளால் நிறைந்தன. நான்கு முன்கதவுகள் வாயில் வீதிக்குப் போயின.

சுவருக்கு அப்பால் மிருணாளினி தாளம் போடும் தட்டுக்கழியின் ஓசை மாறிக்கொண்டே வந்தது. முன்பு தாளத்தோடு கேட்ட குரல் இப்போது அதட்டலாகக் கேட்டது. "சுவத்த பாத்து ஆடு! எத்தன தரம் சொல்றது?" ஒரு மாலை, நாலுகால் பாய்ச்சலாக ஏதோ ஓடிவந்து பொதுச்சுவரில் மோதியது. பிறகு ஒரு சிறுமியின் அலறல். செழியன் அப்போது நாட்காட்டியில் சரிக்குறி இட்டுக்கொண்டிருந்தார். பேனா தாளைக் கிழித்தது.

மறுவாரம் மிருணாளினி வந்தார். கையில் ஒரு படிவம் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்குக் கால் விரல் முறிஞ்சுபோச்சு. வகுப்ப நிறுத்திட்டேன் சார். வீட்ட வித்துட்டு எங்க அண்ணன் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். விக்கிறதுக்கு அளவர் கையெழுத்து வேணுமாம். நீங்கதான் அளந்தீங்களே, முப்பதுன்னு எழுதிக் குடுத்துருங்க."

செழியன் படிவத்தை வாங்கினார். நீளம் என்ற இடத்தில் பேனா முனையை வைத்தார். இருபத்தேழு ஆண்டுப் பணியில் பொய்யளவு ஒன்றை அவர் எழுதியதில்லை. சொல்லியிருக்கிறார், ஒருமுறை.

"முப்பது இல்ல டீச்சர்."

"என்ன?"

"அன்னிக்கே இருபத்தெட்டுதான். இப்ப இருபதா இருக்கும். என் கதவு எடுத்துது. அப்புறம் நான் சொல்லிக் குடுத்து இன்னும் நாலு கதவு எடுத்துது."

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மிருணாளினி உட்காரவில்லை. உட்கார அந்தக் கூடத்தில் நாற்காலிகள் ஒன்பது இருந்தன.

"நரம்பு டாக்டர்கிட்டப் போனேன், தெரியுமா?" என்றார் கடைசியில், மெல்ல. "கண்ண மூடிக்கிட்டு ஒத்தக்கால்ல நில்லுன்னாரு. நின்னேன். அந்தப் புள்ளைங்களக் கண்டபடி திட்டியிருக்கேன். பத்து வயசுப் பொண்ணு, 'சுவர்தான் மிஸ் கிட்ட வருது'ன்னு அழுதா. பொய் சொல்றியான்னு கேட்டேன் சார், அவள!"

படிவத்தை விட்டுவிட்டே போய்விட்டார்.

சமையலறை வாசலில் நின்று பிரதீபா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அந்தக் கதவு போனால் யாருடைய நான்கு மணி நேரம் போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

"ஏழு நிமிஷத்துல வேலைக்குப் போயிட்டு, நம்ம கெட்டிக்காரத்தனம்னு நெனச்சேன்" என்றார் அவர். "நாளைக்கே கழட்டுங்க. ஆனா இனிமே காலை டிபன் உங்க பொறுப்பு. அஞ்சே காலுக்கு ரயில்."

கழற்றினார். மறுநாள் பொதுச்சுவருக்கு அப்பால் அளந்தபோது இருபத்திரண்டு அடி இருந்தது. மீதி எட்டு அடியைத் தேடி நான்கு வீட்டுக் கொல்லைகளுக்கும் போனார். ஒன்பதாம் வீட்டு ரகுராம் பல் துலக்கியபடியே கேட்டுக்கொண்டார்.

"எங்க வீட்ல ஓர் அங்குலம் குறையலியே சார். அடுத்த வீட்டுல குறைஞ்சா மெஷின் கம்பெனிய கேளுங்க. நீங்க சொல்லித்தான வாங்கினோம்? இப்ப நீங்களே வேணாங்கிறீங்க."

கம்பெனியைக் கேட்டார். வாங்கியவர் வீட்டில் வாக்களித்ததைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் மட்டுமே முறையீடு செய்யலாம் என்று பதில் வந்தது.

அன்று மாலை செழியன் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கருவிகளைக் கழற்றச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அவற்றின் குணம் அவருக்குத் தெரியும்: இந்தப் பன்னிரண்டு வீட்டு வரிசையில் எது மிகவும் வெறுமையோ, அங்கே போய் எடுக்கும். வகுப்பு நின்றபிறகும் மிருணாளினியின் கால்களாவது படுகிற கூடத்தைவிட வெறுமையான இடம் ஒன்று வரிசையில் இருந்தால்?

மறுநாள் முதல் ஆறாம் வீட்டின் பின்கதவு வழியாகச் சாமான்கள் வெளியேறின. அலமாரிகள், கட்டில்கள், முக்காலிகள், ஒன்பது நாற்காலிகள். மின்விசிறியையும் இறக்கினார். ஆணிகளைப் பிடுங்கினார். நாட்காட்டியைக் கழற்றிப் பிரதீபாவிடம் கொடுத்தார். கணவனும் மனைவியும் இரண்டு படுக்கையறைகளுக்குள் அடங்கிக்கொண்டார்கள். கூடத்துக்குள் எவரும் கால் வைப்பதில்லை. எந்தக் கூடத்துக்காக வீட்டை வாங்கினாரோ, அதைத் தவிர்த்துக் கொல்லைவழியாக வீட்டு வரிசையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனார். அங்கிருந்து முப்பத்தாறு கிலோமீட்டர், நின்றபடி இரயிலில்.

"சின்ன வீடு கிட்ட இருந்துது; பெரிய வீடு தூரமா இருந்துது" என்றார் பிரதீபா, பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "கடைசில சின்ன வீட்டத் தூரத்துல வாங்கிட்டோம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பதினொரு ஆண்டுகள் பேசாமல் நின்ற அதே பெட்டி அது.

பத்தாம் நாள் செழியன் மிருணாளினியின் வாசலில் நின்று, அளக்க அனுமதி கேட்டார். இம்முறை நாடாவின் மறுமுனையை மிருணாளினியே பிடித்து, எண்ணைத் தாமே குனிந்து படித்தார். முப்பது. செழியன் பழைய படிவத்தில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட்டார். இன்னொரு தாளையும் நீட்டினார். முறிந்த விரலோடு வீட்டில் இருந்த சிறுமிக்கு எழுதியது. *சுவர் கிட்ட வந்தது உண்மை. நீ பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.* கீழே பெயரும் பதவியும் அலுவலக முத்திரையும் இருந்தன.

மிருணாளினி அதை இரண்டு முறை படித்தார். "இத நான் கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன். நீங்களே போங்க. நானும் வர்றேன், எனக்கும் அவகிட்ட ஒரு பேச்சு பாக்கி இருக்கு" என்றார். படிவத்தை மடித்து, விற்கும் வேலைக்கு அனுப்பாமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் செழியன் வெறுங்காலுடன் தம் கூடத்துக்குள் போய் அளந்தார். பன்னிரண்டு அடி. எட்டு அடி போயிருந்தது. நான்கு கதவுகளுக்குச் சரியான கணக்கு. சுவருக்கு அப்பால் தட்டுக்கழி விழத் தொடங்கியது. பாதங்கள் ஒரு கோடியில் புறப்பட்டன. அவர் தம்மை அறியாமல் எண்ணினார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. பதினைந்து. பாதங்கள் சுவரைத் தொடாமல் திரும்பின.

அவர் எழுந்து வெளியே வந்து காப்பிக்குக் குரல் கொடுத்தார். முதல் மிடறு உள்ளே இறங்கும்போதுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. தம்ளரை வைத்துவிட்டு ஓடினார். கூடத்தின் நடுவே கிடந்த நாடாவை எடுத்துக்கொண்டு, தரையில் வேறேதும் இல்லை என்பதை நான்கு மூலையும் பார்த்து உறுதிசெய்துவிட்டு, கதவைச் சாத்தினார்.