எட்டாம் தட்டின் பசி

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஊரே கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினாலும், அவற்றுக்கு நேரத்துக்கு ஊட்டநீர் மாற்றியாக வேண்டும். அதனால்தான் 2007-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய அந்தப் பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டின் கதவைப் பூர்ணிமா தனியாகத் திறந்தாள். வீடு இப்போது ஆய்வுக்கூடம். ஒரு பச்சைக்குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, இன்சுலின் சுரக்கும் செல்களாக மாற்றி அங்கே வளர்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசியால் உயிர் வாழ்பவள் அவள். போன வாரம்தான் எட்டாம் கண்ணாடித் தட்டில் முதல்முறையாக இன்சுலின் சுரந்தது. அன்றைக்கே குருசுக்குப்பத்திலிருந்து கமலவேணி வந்து நின்றாள். அந்தக் கொடிக்குரிய குழந்தையைப் பிறந்த மூன்றாம் நாளே பறிகொடுத்தவள்.

"எம் புள்ள குழிக்குள்ளேருந்து கொடிய கேட்டு அழுவுது மேடம். அதையும் புள்ளகூடவே பொதைக்கணும். குடுத்துடுங்க."

"அத அப்பவே எரிச்சாச்சும்மா," என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள் பூர்ணிமா. பத்தொன்பது வருட ஊசிக்கு விடிவு கண்ணில் தெரிகிற நேரத்தில், தூக்கிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

செல்களை உடல்சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தாள். எட்டாம் தட்டில் சிவப்பாக இருக்க வேண்டிய ஊட்டநீர் மஞ்சளாகக் கிடந்தது. செல்கள் எல்லாவற்றையும் தின்று தீர்த்தால்தான் அப்படி ஆகும். அதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும். நேற்று மாலைதான் மாற்றியிருந்தாள்.

புது நீர் ஊற்றினாள்.

கண்ணெதிரே மஞ்சளானது.

பெட்டிக்குள்ளிருந்து பச்சைக்குழந்தையின் வாடை வந்தது. பிறகு ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

உடம்பு குப்பென்று வியர்த்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நாற்பத்தொன்று. இன்று காலை ஊசியே போடவில்லை. இருநூறைத் தாண்டியிருக்க வேண்டும். கைப்பையிலிருந்த குளுக்கோஸ் பொடியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

சத்தம் வேகமெடுத்தது.

மறுபடி பார்த்தாள். முப்பத்தாறு.

அது குடிப்பது தன்னைத்தான் என்று புரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இங்கேயே விழுந்தால் திங்கட்கிழமைதான் யாராவது வந்து பார்ப்பார்கள்.

"குடுத்துடறேன்," என்று கிசுகிசுத்தாள். "உங்கம்மாகிட்டயே குடுத்துடறேன்."

சத்தம் நின்றது.

தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். கமலவேணியிடம் பொய்யை ஒப்புக்கொண்டு அழுதாள். அவள் குழந்தையைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். கையாலேயே மணலைத் தோண்டி, தட்டை வைத்து மூடினாள். குனிந்து மணலில் காதை வைத்தாள்.

"இத்தினி நாளா அழுதுக்கினே இருந்துச்சு. இப்ப சத்தமே காணோம்."

பூர்ணிமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். கமலவேணியும் நிமிர்ந்தாள். பூர்ணிமாவைப் பார்த்த பார்வை அப்படியே நிலைகுத்தி நின்றது.

"மேடம்," என்றாள் மெல்ல. "எம் புள்ள இங்க இல்ல."

கல்யாணமே ஆகாத பூர்ணிமா குனிந்து பார்த்தாள். அவள் ரவிக்கை பால் சுரந்து தொப்பலாக நனைந்திருந்தது.