பறங்கிக்காய் முகங்கள்

ஐம்பத்தேழாம் வருஷம், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். திண்டிவனத்தில் ஓர் அமெரிக்க நர்ஸம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்த அஞ்சம்மாள், இடுப்பில் ஒரு பறங்கிக்காயோடு வீட்டுக்கு வந்தாள். போன ஐப்பசியில் அதே இடுப்பில் மகள் சின்னபொண்ணு இருந்தாள். நாலு வயசு. கக்குவான் வந்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்துவிட்டது அந்தக் குழந்தை.

"இன்னாடி, கொழம்புக்கா?" என்றான் புருஷன் பெரியதம்பி.

"இல்ல. அவங்க ஊர்ல இன்னிக்குச் செத்தவங்க திரும்பி வர்ற நாளாம். பொழுது சாஞ்சா புள்ளைங்க வாசல் வாசலா வந்து மிட்டாய் கேக்குமாம்."

நர்ஸம்மா இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லியிருந்தார். பெற்ற வயிறு அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது.

அங்கே பார்த்தபடியே காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே அகல் ஏற்றி வாசலில் வைத்தாள். திருஷ்டிக்கு மாட்டுகிற முகம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. விளக்கு என்றால் வழி காட்டத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தட்டில், வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை வைத்தாள். மகளுக்கு அதென்றால் உயிர்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஈர மண் வாசனையோடு பறங்கிக்காய் தீய்கிற வாசனையும் கலந்து வந்தது.

தெருக்கோடியில் ஓர் இருமல்.

மூச்சுக்குத் தவித்து, கடைசியில் கூவி இழுக்கிற இருமல். அது யாருடையது என்று அஞ்சம்மாளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

கிட்டே வந்தது.

வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது.

"பயமா கீதும்மா."

அவள் எழுந்து ஓடுவதற்குள் இருமல் தெருக்கோடிக்கே போய்விட்டது.

மறுநாள் நர்ஸம்மாவிடம் கேட்டாள். "அந்த மூஞ்சி எதுக்குங்கம்மா?"

"பேய் வீட்டுக்கு உள்ளே வராமல் இருக்க, அஞ்சம்மா. பார்த்தால் பயந்து ஓடிவிடும்," என்று அவர் சிரித்தார்.

அஞ்சம்மாள் சமையற்கட்டுக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதாள். பெற்றவளே மகளை வாசலோடு விரட்டியிருக்கிறாளே, அதை யாரிடம் சொல்லி ஆற்றுவது?

வருஷம் முழுக்க அந்த நாளுக்காகக் காத்திருந்தாள். தெருப் பிள்ளைகளும் அந்த முகத்தை மறக்கவில்லை. நர்ஸம்மாவும் தன் வீட்டுக் கேட்டில் நின்று பெப்பர்மிண்ட் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட, தெருவில் ஒரு பறங்கிக்காய் தப்பவில்லை. அந்த நாள் அந்தியில் அஞ்சம்மாள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. மற்ற வாசல்களில் எல்லாம் ஒரு முகம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"அத எடுத்து உள்ள வையுங்களேன், எம் பொண்ணு வரணும்," என்று வீடு வீடாகக் கேட்டாள்.

"புள்ளைங்க ஆசையா வச்சிக்கினு கீதுங்க, வுடு அஞ்சம்மா," என்றார்கள். அவள் போனதும் பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

தெருக்கோடியில் இருமல் கேட்டது.

இந்தத் தடவை அங்கேயே நின்றது.

அஞ்சம்மாள் அதை நோக்கி நடந்தாள். கோடியில் இருட்டுக்குள் குனிந்து நிமிர்ந்தபோது அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முந்தானையை இழுத்துத் தோள்மேல் எதையோ மூடினாள். சேலைக்குள் சில்லென்றிருந்தது.

"பாக்காத கண்ணு. கண்ண மூடிக்க. தோ, வூடு வந்துரும்."

அத்தனை முகங்களையும் கடந்து அவள் வந்தாள். வாசலில் நின்ற பெரியதம்பி அந்த வெறுங்கையைப் பார்த்துக் கண் கலங்கினான். அவள் உள்ளே போய்ப் பாயருகே குனிந்து, முந்தானையை மெல்ல விலக்கினாள்.

பாயில் ஒன்றும் இல்லை.

பாயிலிருந்து இருமல் கேட்டது.

பெரியதம்பி பாயருகே வந்து உட்கார்ந்தான். "இன்னும் ஆறலியா அதுக்கு?" என்றான் ரகசியமாக. அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவன் அடுப்பைப் பற்றவைத்து, கஷாயம் போட்டு, சூடு ஆற்றிப் பாய் பக்கத்தில் வைத்தான்.

விடிந்தபோது டம்ளர் காலியாக இருந்தது. இருமல் மட்டும் நிற்கவில்லை.