எக்ஸ்ட்ரா கொடுத்தவன்

போன் அலறியது.

புனிதன் எடுக்கவில்லை.

அவன் கையில் ஒரு மஞ்சள் துணி. எதிரே ஒரு புத்தம் புது மோட்டார் சைக்கிள். கடல் நீல நிறம். டாங்கிக்கு மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

ரெக்ஸா!

சிலாங்கூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ரெக்ஸா. எந்தக் கடையில் கேட்டாலும் 'ஸ்டாக் இல்லை' என்று கையை விரிக்கும் ரெக்ஸா.

புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் அவன் சூப்பர்வைசராக இருந்த தொழிற்சாலை. அதன் பின்பக்கக் கொட்டகையில் அதை யாருக்கும் தெரியாமல் நிறுத்தி வைத்திருந்தான். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஏன் முடியாது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

போன் மறுபடியும் அலறியது. மனைவி பிரமிளா.

"என்னங்க...! எங்க அண்ணன புடிச்சிட்டுப் போயிட்டாங்க...!"

"யாரு? அழாம சொல்லு பிரமிளா!"

"போலீசு...! கொலக் கேஸாம்! பத்தாங் பெர்ஜுந்தாய்ல மோட்டார் கட வச்சிருக்காரே சிவானந்தம்... அவரு நேத்து சாயந்தரம் கடையிலயே செத்துக் கெடந்தாராம். அண்ணன்தான் அடிச்சுக் கொன்னுச்சுன்னு சொல்றாங்க!"

மஞ்சள் துணி நழுவிக் கீழே விழுந்தது.

"சிவானந்தமா? நேத்து மத்தியானம்கூட..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நேத்து மத்தியானம் என்னங்க?"

"ஒ... ஒண்ணுமில்ல. நீ எங்க இருக்க?"

"போலீஸ் பாலாய்லதான். ஷர்மினியும் நானும் வாசல்லயே உக்காந்திருக்கோம். ஒடனே கெளம்பி வாங்க!"

போனை வைத்தான்.

மச்சான் செல்லன் கொலை செய்யவில்லை.

அது புனிதனுக்கு நூற்றுக்கு நூறு தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால்...

செத்துவிடலாம் போலிருந்தது.

*

செல்லன், பிரமிளாவின் அண்ணன். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். அவருடைய பழைய மோட்டார் செம்மண் ரோட்டிலேயே உயிரை விட்டுவிட்டது. மகள் ஷர்மினிக்கு ரவாங்கில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்த நேரம் அது. தோட்டத்துக்கு பஸ் கிடையாது. காலையில் அவளைக் கொண்டுபோய் விட ஒரு மோட்டார் வேண்டும்.

"எனக்குத் தெரிஞ்ச கட இருக்கு மச்சான். நான் கூட்டிட்டுப் போறேன்!" என்று சொன்னவன் புனிதன்தான்.

சிவானந்தத்தின் கடையில் செல்லன் முன்பணம் கட்டினார். காத்திருந்தார். போன் செய்யும்போதெல்லாம் ஒரே பதில்.

"ஸ்டாக் இல்ல லா. வந்தா ஒங்களுக்குத்தான் மொதல்ல!"

அப்படியிருக்க, ஒருநாள் சிவானந்தத்தின் போன் புனிதனுக்கு வந்தது.

"புனிதன்... ஒங்க மச்சான் பேர்ல ஒரு ரெக்ஸா வந்திருக்கு. இப்ப எல்லாக் கடையிலயும் எக்ஸ்ட்ரா வாங்குறாங்க. நானும் ரெண்டாயிரம் வெள்ளி மேல வச்சுத்தான் குடுக்கிறேன். குல வெட்டுறவரு அதுக்கு எங்க போவாரு? நீங்க எடுத்துக்கிறீங்களா?"

மறுத்திருக்கலாம். மச்சானுக்காக அந்த ரெண்டாயிரத்தைத் தானே கட்டியிருக்கலாம்.

புனிதன் இரண்டையும் செய்யவில்லை.

அவனிடம் ஏற்கெனவே நாலு சக்கரக் காடி இருந்தது. மோட்டாருக்கு அவசரமே கிடையாது. வெறும் ஆசை. தொழிற்சாலை வாசலில் பையன்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசை!

"யாருக்கும் தெரியக் கூடாது அண்ணே..." என்றான்.

"என் வாயிலருந்து வராது!" என்று சிரித்தார் சிவானந்தம்.

இனி எப்போதும் வராது.

*

பாலாய்க்குக் கிளம்ப காடிச் சாவியை எடுத்தபோது மறுபடியும் போன்.

இந்த முறை சுகுமாறன். சிவானந்தத்தின் தம்பி. கடையில் பங்காளி.

"விஷயம் கேள்விப்பட்டீங்களா, புனிதன்?"

"கேள்விப்பட்டேன். செல்லன் அப்படிச் செய்ற ஆள் இல்ல சுகு!"

"நான் பார்த்தேன். கடையில கத்தி சண்ட போட்டாரு, அண்ணன அங்கயே அடிச்சுப் போட்டுட்டுப் போனாரு. போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"பொய்!"

மறுமுனையில் சின்னச் சிரிப்பு.

"பொய்னு போய்ச் சொல்லுங்களேன். நேத்து நீங்க பின்னால ஸ்டோர்ல இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னா ரெண்டு நடக்கும். ஒண்ணு, மச்சான் மோட்டார திருடிக்கிட்ட கத ஊரு முழுக்க நாறும். ரெண்டு... கடைசியா எங்கண்ணன் கூட இருந்தது நீங்கதான். கயிறு ஒங்க கழுத்துக்கு வரும்!"

"சுகு..."

"வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தொடர்பு அறுந்தது.

புனிதன் காடியில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்யவில்லை.

போகாமல் இருந்துவிடலாம். செல்லனுக்கு நல்ல வக்கீலாகப் பிடித்துக் கொடுக்கலாம். செலவை ஏற்றுக்கொள்ளலாம். எல்லாரும் 'தங்கமான மாப்பிள்ளை' என்பார்கள்...

அந்த எண்ணம் வந்ததுமே அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

காடியை விட்டு இறங்கினான். கொட்டகைக்குப் போனான்.

ரெக்ஸாவை உதைத்துக் கிளப்பினான்!

*

பாலாய் வாசல்.

பிரமிளா எழுந்து ஓடி வந்தாள். பாதியிலேயே நின்றாள். அவள் கண்கள் மோட்டாரின் மேல்.

"இது... யாரோட மோட்டார்?"

புனிதன் மோட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தினான். பெஞ்சில் கிளினிக் சீருடையோடு உட்கார்ந்திருந்த ஷர்மினியும் மோட்டாரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

இன்ஸ்பெக்டர் சந்திரிகா நிமிர்ந்தாள். பேச்சில் சிக்கனமானவள். பக்கத்தில் சார்ஜன் சின்னையா. தொப்பையும் மீசையும் போட்டி போட்டு வளர்ந்த மனிதர்.

"செல்லன் கொல செய்யல மேடம். நான் சாட்சி."

"எப்படி?"

"அவரு கடையில சத்தம் போட்டுட்டுப் போனதுக்கப்புறம் சிவானந்தம் உயிரோட இருந்தாரு. என்கிட்ட பேசுனாரு. நான்... பின்னால ஸ்டோர்ல இருந்தேன்."

"அங்க ஒங்களுக்கு என்ன வேல?"

புனிதன் திறந்திருந்த கதவைப் பார்த்தான்.

"தனியா சொல்லலாமா மேடம்?"

சந்திரிகா கதவைச் சாத்தச் சொன்னாள். அவன் சொன்னான். எக்ஸ்ட்ராவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். முடிந்ததும் அவள் கேட்டாள்.

"மச்சானக் காப்பாத்த நீங்க கத கட்டலன்னு நான் எப்படி நம்புறது? செல்லன் கத்துனத ஒங்க காதால கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சின்னையா! செல்லனக் கூட்டிட்டு வாங்க."

புனிதன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

செல்லன் வந்தார். தோட்டத்து பூட்ஸ் காலில் அப்படியே இருந்தது. கையில் விலங்கு. புனிதனைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி!

"மாப்ள... வந்துட்டீங்களா! நீங்க வருவீங்கன்னு தெரியும். இவங்ககிட்ட சொல்லுங்க மாப்ள... நான் அந்தாள தொடவே இல்ல!"

திறந்த கதவருகே பிரமிளாவும் வந்து நின்றாள்.

"சொல்லுங்க புனிதன்," என்றாள் சந்திரிகா. "நேத்து செல்லன் கடையில என்ன கத்துனாரு?"

புனிதன் பிரமிளாவைப் பார்த்தான்.

"'என் பேர் எழுதுன மோட்டார் லோரியிலருந்து எறங்குனத ஆள் பார்த்திருக்கான்... அத யாருக்குய்யா வித்தே'ன்னு கேட்டாரு..."

"அப்புறம்?"

"மேடம்..."

"அப்புறம்?"

புனிதனின் குரல் உடைந்தது.

"'என் மாப்ள கூட்டிட்டு வந்த கடைன்னுதான்யா நம்பி வந்தேன்... எனக்குத் துரோகம் செஞ்சாலும் செய்யி... அவரு பேரக் கெடுக்காதே'ன்னு சொன்னாரு..."

செல்லன் அசையாமல் நின்றார்.

"நான் கதவுக்குப் பின்னாலதான் மச்சான் நின்னேன். வெளிய வந்திருக்கலாம். வரல. நீங்க போற வரைக்கும் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன். அப்புறம்... ஒங்க மோட்டார நான் ஓட்டிட்டுப் போனேன்."

பிரமிளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லன் அடிப்பார் என்று எதிர்பார்த்தான். துப்புவார் என்று எதிர்பார்த்தான். அவர் மெதுவாக ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வெயிலில் நீலமாகப் பளபளத்தது ரெக்ஸா.

"வண்டி நல்லா ஓடுதா, மாப்ள?"

அவ்வளவுதான் கேட்டார்.

புனிதன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

*

"எந்திரிங்க!" சந்திரிகாவின் குரல் சாட்டையாக வந்தது. "அழுகை அப்புறம். அந்த மோட்டார் ஸ்டோர்ல எங்க நின்னுச்சு?"

"கீழ இல்ல மேடம். மேல்தட்டுலருந்து எறக்குனாரு. கப்பியில சங்கிலி போட்டு."

"மேல்தட்டுலருந்தா?"

"ஆமா. அங்க வரிசையா நின்னுச்சு. எல்லாம் பிளாஸ்டிக் சுத்துன புது ரெக்ஸா. 'ஸ்டாக் இல்லன்னு சொன்னாத்தான் எக்ஸ்ட்ரா வரும்'னு சிரிச்சாரு. அடுத்த ஆளுக்கும் ஒண்ணு எறக்கணும்னு மறுபடியும் ஏறுனாரு. நான் கெளம்பிட்டேன்."

சந்திரிகாவும் சின்னையாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து சாயந்தரம் நானே மேல ஏறிப் பார்த்தேன்," என்றாள் அவள் மெதுவாக. "ரெண்டு பழைய டயர். ஒரு ஒடஞ்ச நாற்காலி. வேற ஒண்ணுமே இல்ல!"

"நான் பொய் சொல்லல மேடம்!"

"தெரியுது. அத்தன மோட்டாரும் மத்தியானம் இருந்துச்சு... சாயந்தரம் இல்ல. றெக்க மொளச்சுப் பறந்துச்சா?"

அவள் தொப்பியை எடுத்தாள்.

"சின்னையா! கடையோட பின் சந்துல ஒரு சலூன் இருக்கு. வாசல்ல கேமரா பார்த்த ஞாபகம்!"

*

கேமரா பொய் சொல்லவில்லை.

பின் சந்தில் ஒரு லோரி. அதில் மோட்டார்களை ஏற்றிக்கொண்டிருந்தது...

சுகுமாறன்!

பொழுது சாய்வதற்குள் லோரியைப் பிடித்தார்கள். மூடிக் கிடந்த ஒரு தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோரின் பூட்டை உடைத்தார்கள். அடையாளம் காட்ட புனிதனையும் ஜீப்பில் கூட்டிப் போயிருந்தார்கள். உள்ளே, ஒட்டடைக்கு நடுவே, வரிசையாக ரெக்ஸாக்கள்.

ஒன்றுக்கு மட்டும் ஹேண்டில் வளைந்திருந்தது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் காய்ந்த ரத்தம்.

விலங்கோடு நின்ற சுகுமாறனிடம் சந்திரிகா அமைதியாகக் கேட்டாள்.

"சங்கிலி அறுந்துச்சா?"

அவன் உதடு துடித்தது.

"நான் கொல்லல மேடம்! சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அண்ணன் மேல மோட்டார் கெடந்துச்சு. சங்கிலி நழுவியிருச்சு... நான் ஒண்ணுமே செய்யல!"

"அதத்தான் கேக்குறேன். ஏன் ஒண்ணுமே செய்யல?"

சுகுமாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டாக்டர் ரிப்போர்ட் இப்பத்தான் வந்துச்சு. நெஞ்செலும்பு நொறுங்கியிருக்கு. ஆனா ஒடனே உயிர் போகல. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருக்க வாய்ப்பிருக்குன்னு எழுதியிருக்காரு. ஒங்கண்ணன் பேசுனாரா?"



"...தண்ணி கேட்டாரு."

"நீ?"

"ஆம்புலன்ஸ் வந்தா பின்னாலயே போலீஸ் வரும்... ஒளிச்சு வச்ச ஸ்டாக் எல்லாம் மாட்டும்... கட போயிரும்னு பயந்துட்டேன். மொதல்ல மோட்டார்களக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து அண்ணனப் பார்க்கலாம்னு..."

"வந்து பார்த்தே!"

சுகுமாறன் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதான்.

சின்னையாவின் மீசைகூட ஒரு கணம் தொங்கிப்போயிற்று.

புனிதன் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவனைக் கேவலமாகப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு மோட்டாருக்காகச் சொந்தக்காரனின் குரலைக் கேட்டும் கேட்காதவன்போல நின்றவன் சுகுமாறன் மட்டுமல்ல.

*

செல்லனின் விலங்கைக் கழற்றினார்கள்.

பாலாய் வாசலில் புனிதன் சாவியை நீட்டினான்.

"மச்சான்... இது ஒங்களுது. நான் கட்டுன எக்ஸ்ட்ரா என் பாவத்துக்கு. எடுத்துக்குங்க!"

செல்லன் சாவியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"ஷர்மினி... லயத்து வீட்டுக்குப் போலாம்மா. காலையில வேலைக்குப் போகணும்ல."

பிரமிளாவும் அண்ணன் பின்னாலேயே நடந்தாள். வாடகைக் காடியின் கதவு சாத்தப்பட்டது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தான் புனிதன்.

பின்னாலிருந்து ஒரு தடித்த கை வந்து சாவியை லாகவமாக எடுத்துக்கொண்டது.

சின்னையா!

"இதுவும் எங்களுக்கு வேணும் சார். கேஸுக்கு எவிடன்ஸு."

"எப்ப திருப்பித் தருவீங்க சார்ஜன்? மச்சான் பேருக்கு மாத்திக் குடுக்கணும்... அவரு வாங்க மாட்டேன்னாலும் வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டு வந்துருவேன்."

"கேஸ் முடியணும். கோர்ட்டு சொல்லணும். அது வரைக்கும் வரிசையில நின்னு காத்திருக்க வேண்டியதுதான்..."

சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மீசையை முறுக்கினார் சின்னையா.

"தயவு செஞ்சு இங்கயும் எக்ஸ்ட்ரா குடுத்து முந்தப் பார்க்காதீங்க சார்... அதுக்குத் தனி கேஸ்!"