சுழலும்போது மங்காதவள்

அந்த வீடியோ கேம் நிறுவனம் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். சனிக்கிழமை மதியம். காட்சிகளை வரையும் ஓவியரையும் அவளையும் தவிர யாரும் வரவில்லை. பூட்டிக் கிடந்த அறைகளிலிருந்து ஈரச்சுவர் வாடை. கணினி விசிறியின் ஓயாத இரைச்சல். ஏனோ காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவளுடைய வேலை, திரையில் வேகத்தைக் காட்டுவது. ஆடுபவர் சட்டென்று திரும்பினால் சுவரும் ஜன்னலும் கோடுகோடாக இழுபட்டு மங்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் சற்று முன் எங்கே இருந்தது, இப்போது எங்கே என்று கணக்கிட்டு, அந்த இடைவெளி முழுக்க நிறத்தை இழுத்துவிட வேண்டும்.

ஓவியர் வரைந்திருந்த வெற்றுக் கூடத்தைத் திறந்து, மவுஸை வேகமாகச் சுழற்றினாள். சுவர் மங்கியது. ஜன்னல் மங்கியது.

இடது ஓரத்தில் ஒரு பெண் மங்காமல் நின்றிருந்தாள்.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கூடம் காலி.

மறுபடி சுழற்றினாள். ஈரத்தலை. கன்னத்தில் ஒட்டிய முடி. இழை இழையாகத் தெரிந்தது.

"அண்ணா, இந்தக் கூடத்துல ஆள் யாராவது வரைஞ்சிருக்கீங்களா?"

"ஆளா? ஒரு நாற்காலி போடவே நேரம் கொடுக்கல, நீ வேற!" சிரித்தபடி வந்தவர், சுழன்றுகொண்டிருந்த திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "கணக்கு எங்கயோ தப்பும்மா."

"மத்ததெல்லாம் சரியாத்தானே மங்குது." அவள் குரல் இறங்கியது. "நாம திரும்பறப்ப ஒண்ணு மங்காம இருக்கணும்னா, அது நம்மகூடவே திரும்பணும்ணா."

அவர் மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

மூன்றாவது முறை சுழற்றியபோது அந்தப் பெண் திரையின் நடுவில் இருந்தாள்.

இவள் கணினியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள்.

தடதடவென்று படியிறங்கும்போது கைபேசி அதிர்ந்தது. நான்கு வயது மகளைக் குதிரை ராட்டினத்துக்குக் கூட்டிப் போயிருந்த கணவன், முன்குதிரையில் உட்கார்ந்து திரும்பி எடுத்த படம். சுற்றிலும் மரங்களும் கூட்டமும் கோடுகளாகக் கரைந்திருந்தன. மகள் மட்டும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இல்லை. மகள் மட்டுமல்ல. மகளின் தோளில் கை வைத்திருந்த ஈரத்தலைப் பெண்ணும்.

கணவனை அழைத்தாள். "என்னங்க, பாப்பா பின்னாடி யாரு?"

"யாருமில்லையே. அவ பின்னாடி இருக்கற குதிரை காலி."

"அவளை இறக்குங்க! உடனே!"

"ஓடற ராட்டினத்துலேர்ந்து எப்படி இறக்கறது? இதோ நிக்கப் போகுது."

கைபேசியில் ராட்டினத்தின் இசை இழுத்து இழுத்து அடங்கியது.

"இறங்கியாச்சு, போதுமா?" என்றான். பிறகு அவன் குரல் வேறு பக்கம் திரும்பியது. "பாப்பா, அங்கயே ஏன் நிக்கற? வா, அப்பா கையைப் பிடிச்சுக்கோ."

"வரேன்ப்பா," என்றாள் மகள். "இவங்க என் கையை விட்டாத்தானே வர முடியும்."