ஈரக் கழிவு

கொக்கியில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. இருந்தும் முள் சுழியில் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மலையேறி வருகிற பனி, கொட்டகையின் திறந்த பக்கமாக நுழைந்து, தகரக் கூரைக்கு அடியில் தவழ்ந்து, உத்தரத்திலிருந்து தொங்கிய வட்டத் தராசின் கண்ணாடியை வேர்க்க வைத்திருந்தது. ஆண்டியப்பன் சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். சுழிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கோழிக்குஞ்சு ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு காட்டுமோ அவ்வளவு. கண்ணாடியைச் சுண்டினான். முள் ஒரு நடுக்கம் நடுங்கி, அதே இடத்துக்கு வந்து நின்றது.

இன்னொருவனாக இருந்தால் உள்ளே இருக்கும் சுருள் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பான். ஆண்டியப்பனுக்கு அப்படி நினைக்க வராது. பள்ளத்தைக் கண்ட தண்ணீர் மாதிரி அவன் மனசு காசு இருக்கும் பக்கம் தானாக ஓடும். மூட்டைக்கு இவ்வளவு கூடினால் ஒரு லோரிக்கு எவ்வளவு கூடும்? தராசைத் தொடாமல் விட்டுவிட்டான்.

தேயிலைத் தோட்டத்தின் மேட்டுக்காட்டை, மெஷின் ஏற முடியாத செங்குத்துச் சரிவை, அவன் குத்தகைக்கு எடுத்திருந்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று ஆலை அவனுக்குக் கொடுக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று அவன் ஆட்களுக்குக் கொடுப்பான். நடுவில் நிற்பது அவனுக்கு. அந்த நடுவை அகலமாக்க அவன் பிடித்த வழிதான் ஈரக் கழிவு. மழைக் கொழுந்து தண்ணீரைச் சுமந்து வரும் என்பதால் மூட்டைக்கு ஒன்றிரண்டு கிலோ கழிப்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். ஆண்டியப்பன் வெயில் காய்ந்த நாளிலும் கழித்தான். முதுகுக்குப் பின்னால் அவனுக்குப் பெயரே கழிவுக் கங்காணி.

கூலிக்கு வந்த பங்களாதேஷ் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேலாயி மட்டும் விடமாட்டாள். எல்லாரும் கத்தரியால் வெட்டும்போது அவள் ஒருத்திதான் இன்னமும் கையால் கிள்ளுகிறவள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தேயிலைக் கறையில் கறுத்து, கரிக்கட்டை மாதிரி இருக்கும். கிள்ளும்போது டக், டக் என்று நகம் ஒடிவது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டே அவள் எந்த நிரையில் நிற்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

"ஏங் கங்காணி, என் வேர்வையையும் சேத்துக் கழிச்சிட்டியா?" என்பாள். "நாளைக்கு என்னையே தூக்கி மாட்டிப் பாரு. எலும்புக்குள்ள எவ்வளவு ஈரம் இருக்குன்னு தெரிஞ்சிரும்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆண்டியப்பனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே கழிப்பான்.

முந்தாநாள் அவள் மேட்டு நிரையில் குப்புற விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரோட்டை எட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. முதுகிலிருந்து கழற்றிய கூடை கொட்டகை ஓரத்தில் நின்றது, கொழுந்து நிறைய.

காட்டில் விழுந்து செத்தவர்களின் கூடையைத் தராசில் ஏற்றக் கூடாது. அந்தத் தோட்டத்தில் அது சொல்லிக் கொடுக்காமலே தெரிகிற விஷயம். அன்றைக்குக் கிள்ளிய கொழுந்தை வீட்டு ஆள் ஒருத்தர் கொண்டுபோய், கடைசியாகக் கை வைத்த செடியின் தூரில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட வேண்டும். எடை போட்டால், செத்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடும்.

ஆண்டியப்பன் சுற்றும் முற்றும் பார்த்தான். எல்லாரும் ரோட்டில் அழுதுகொண்டு நின்றார்கள். கூடையைச் சாக்கில் கவிழ்த்து, வாயைக் கட்டி, கொக்கியில் மாட்டினான். பழக்க தோஷத்தில் ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்தும் கொண்டான்.

மறுநாள் வேலாயியின் மகள் சுபத்ரா வந்து கேட்டாள். "அம்மா கிள்ளுன கொழுந்து எங்கண்ணே? தூருல கொட்டணும்."

"லோரியில ஏறிப் போச்சும்மா. யார் மூட்டை எதுன்னு எனக்கு என்ன தெரியும்?"

அவள் தராசையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த நாள்தான் முள் நகர்ந்திருந்தது.

அவனுக்கு ஒரு பயம் மட்டும் இருந்தது. ஆலையில் மூட்டைகளை மறுபடி நிறுப்பார்கள். கூடுதலின் சாயம் அங்கே வெளுத்துவிடும். சாயங்காலம் லோரி டிரைவர் ரூபன் திரும்பி வந்ததும், கேட்காதது போலக் கேட்டான்.

"அங்க எடை சரியா இருந்துச்சாலா?"

"அச்சா இருந்துச்சுண்ணே. நீங்க சொன்ன அதே கிலோ. ஆனா ஏத்தத்துல லோரி ரொம்ப மொனகுது. கொழுந்துக்கு அடியில கல்லு கில்லு போட்டு வச்சிருக்கீங்களா?"

ஆண்டியப்பன் சிரித்தான். ராத்திரி படுத்தபோதும் அந்தச் சிரிப்பு போகவில்லை. இல்லாத கொழுந்து. கிள்ளாத கொழுந்து. கூலி கொடுக்க வேண்டியதில்லாத கொழுந்து. அவனுக்கே அவனுக்கு.

முள் நாளுக்கு நாள் கூட்டிக் காட்டியது. முதலில் கோழிக்குஞ்சு, பிறகு பூனை, பிறகு இடுப்பில் வைக்கிற பிள்ளை. வெறும் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாலும் எடை காட்டியது. ஆலையும் அந்த எடைக்குக் காசு கொடுத்தது. ஆட்கள் போன பிறகு ஆண்டியப்பன் தனியாக இருந்து, சாக்குக்கு ரெண்டு கைப்பிடி இலை போட்டுக் கட்டி வைக்க ஆரம்பித்தான். பிரிஞ்சாங்கில் பசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தை போடுகிற பக்கம் மீரான் பாயின் பழைய கடை விலைக்கு வந்திருந்தது. முன்பணம் கட்டிவிட்டால் அது அவன் கைக்கு வந்துவிடும். மேலே ரூம்கள் போட்டு வாடகைக்கு விடலாம். இனி தராசும் வேண்டாம், சரிவும் வேண்டாம், சனங்களின் முணுமுணுப்பும் வேண்டாம்.

அதைப் பேசத்தான் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் போனான். வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லோரி ஒன்று கோழி எரு நாற்றத்தோடு விர்ரென்று கடந்தது. அந்தக் காற்றில் நாற்காலி அவனையும் சேர்த்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது.

மீரான் பாய் தேத்தண்ணி இழுத்து ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னங்க கங்காணி, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? இனிப்பு நீர் வியாதி இருக்கான்னு டெஸ்ட் பண்ணுனீங்களா?"

"அலைச்சல் பாய். கடைய வேற யாருக்கும் பேசிறாதீங்க. வெள்ளிக்கிழமை கட்டிர்றேன்."

"வெள்ளி தாண்டுனா சீனன் எடுத்துக்குவான். அப்புறம் என் மேல கோவப்படக் கூடாது."

"தாண்டாது."

திரும்பும்போது கியா பார்ம் ஏற்றத்தில் அவன் மோட்டார் சைக்கிள் குழிகளில் இறங்காமல் தத்தித் தத்திப் போனது, பின்னால் பாரமே இல்லாதது போல. ரோட்டோரக் காய்கறிக் குடில்களின் பிளாஸ்டிக் படபடத்தது. எதிர்க்காற்று அடிக்கும்போதெல்லாம் அவன் உடம்பு சீட்டை விட்டு எழும்பப் பார்த்தது. ஹேண்டலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இளைப்புதான் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் பெல்ட் அதே ஓட்டையில்தான் இருந்தது. கன்னம் ஒட்டவில்லை. கை மெலியவில்லை. கண்ணாடியில் அதே ஆள், அதே தொந்தி. காலையில் எழுந்து பார்த்தால் மெத்தையில் மட்டும் அவன் படுத்திருந்த பள்ளம் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சுபத்ரா மறுபடி வந்தாள். கையில் ஒரு சின்னக் கூடை. மழை விட்டு, கொட்டகை முன்னால் செம்மண் பிசுபிசுத்துக் கிடந்தது. அவள் உள்ளே வரவில்லை.

"அண்ணே, அம்மா கூடைய நீங்க எடை போட்டீங்க. எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். மேட்டு நிரையில சத்தம் கேக்குது. அங்க வேல செய்றவங்க பயந்து கீழ எறங்கிட்டாங்க." கூடையை நீட்டினாள். "சண்ட போட வரல. இதுல உங்க கையால கொழுந்து கிள்ளி, எடை போடாம அந்தச் செடித் தூருல கொட்டிருங்க. அம்மா எறங்கிப் போயிரும். உங்களுக்கும் நல்லது."

ஆண்டியப்பன் தராசைப் பார்த்தான். வெறும் கொக்கியில் முள் ஒரு முழு ஆளின் எடையில் நின்றது. நல்ல கனமான ஆள். கொட்டிவிட்டால் அது சுழிக்குப் போய்விடும். நாளை கடைசி லோரி. அது போகாவிட்டால் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லாவிட்டால் கடை இல்லை.

"நாளைக்குக் கொட்டுறேன்மா. லோரி போகட்டும்."

"நாளைக்கு வேணாண்ணே."

"ஒரு நாள்ல என்னா ஆயிரப் போகுது?"

அவள் அவன் காலடியைப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் சேறு கணுக்கால் வரை ஏறியிருந்தது. அவன் நின்ற இடத்தில் சேறு சேறாகவே இருந்தது. மழை விழுந்த புள்ளிகள்கூட அழியவில்லை. கூடையைக் கொட்டகை வாசலிலேயே வைத்துவிட்டு, அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை லோரி அடிவயிறு தரையைத் தட்டப் போனது. ரூபன் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆட்களும் போய்விட்டார்கள். பனி ஏறியது. முதலில் எதிர் மலை போனது, பிறகு ரோடு, பிறகு கொட்டகைக்கு முன்னால் நிற்கிற சில்வர் ஓக் மரம். கட்டி வைத்த சாக்குகளுக்குள் வெந்த ஈரக் கொழுந்தின் வாசம் மட்டும், சாக்குகள் போன பிறகும், கொட்டகைக்குள் வெதுவெதுப்பாக நின்றது. ஆண்டியப்பன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அது அதிர்ந்தது. ஆலை காசு போட்டுவிட்டது. அவன் நினைத்ததைவிடக் கூடவே. உடனே பாயின் கணக்குக்கு அனுப்பினான். "கெடச்சுது கங்காணி. கடை உங்களுது" என்று பாயிடமிருந்து பதில் வந்தது.

சந்தோஷத்தில் ஒரு கத்து கத்தலாம் போலிருந்தது. வாயைத் திறந்தான். அப்போதுதான் கேட்டது.

டக்.

மேலே. தூரத்தில், மேட்டு நிரையில்.

டக். டக்.

கையால் கிள்ளுகிற சத்தம். இந்தக் காட்டில் கையால் கிள்ளுகிறவர்கள் யாரும் இப்போது இல்லை.

எழுந்தான். எழுந்த வேகத்தில் கால் தரையை விட்டுவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மெதுவாக, பலூனை இறக்குவது போல, தன்னைத் தானே இறக்கினான். செருப்பு தரையில் பட்டது. பட்டதா? பட்டதுபோல இருந்தது.

தராசை அண்ணாந்து பார்த்தான். முள் நகர ஆரம்பித்ததற்குப் பிறகு முதல் தடவையாக, அது நேர் சுழியில் நின்றது. இருந்ததெல்லாம் லோரியில் போய்விட்டது. அவ்வளவுதான், தீர்ந்தது, அவள் போய்விட்டாள் என்று நினைத்தான். ஒரு மூச்சு விட்டான்.

டக். இன்னும் கீழே. நடு நிரையில்.

அவள் போகவில்லை என்றால், போனது யாருடைய எடை?

அதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் எடை போடாமல் அவனால் எதையும் நம்ப முடியாது. மேசையைப் பிடித்து, தூணைப் பிடித்து, கொக்கிக்கு வந்தான். இரண்டு கையாலும் அதைப் பற்றினான். இரும்பு சில்லென்று இருந்தது. கால்களை மடக்கித் தொங்கினான்.

முள் அசையவில்லை.

உதறினான். எம்பினான். கொக்கியை இழுத்தான். இழுத்த கையோடு அவன்தான் மேலே போனான். முள் அசையவில்லை. சுழி. கழிவெல்லாம் போக, சுழி.

கால்களை நீட்டினான், தரையைத் தேடி. தரை கீழே இருந்தது. கால்கள் இறங்கவில்லை.

கொட்டகைக்குள் ஏறியிருந்த பனி இருட்டும் நேரத்துக்குப் பள்ளத்தாக்குக்குத் திரும்பும். தினமும் அப்படித்தான். இப்போதும் திரும்பத் தொடங்கியது. மெல்லிய இழுப்பு. கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி அவன் கால்கள் பின்பக்கமாக எழும்பின, இடுப்பு எழும்பியது, முழு உடம்பும் திறந்த பக்கத்தைப் பார்த்துக் கிடையாக நீண்டது. அங்கே சரிவு. சரிவுக்குப் பிறகு வெள்ளை.

வாசலில் சுபத்ரா வைத்துப்போன கூடை அப்படியே இருந்தது. காலி.

டக். முதல் நிரை.

டக். கொட்டகை ஓரம்.

கைப்பேசி சட்டைப் பையிலிருந்து நழுவி, தரையில் விழுந்தது. கனமாக விழுந்தது. அதன் வெளிச்சத்தில் செம்மண் தெரிந்தது. கூடையைத் தாண்டி உள்ளே ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன காலடிகள். வெறுங்கால். ஆழமாக. ஒரு ஆளின் எடைக்கு மேல் இன்னொரு ஆளின் எடையையும் சுமந்து வருகிறவள் மிதிப்பது போல.

"வேலாயிக்கா," என்றான். குரலுக்கும் கனம் இல்லை. "கொட்டிர்றேன். இப்பவே கொட்டிர்றேன்."

காலடி நின்றது. கொக்கிக்கு நேர் கீழே.

ஈரக் கொழுந்து வாசம்.

கறுத்த இரண்டு விரல்கள் மேலே வந்து, கொக்கியை இறுக்கியிருந்த அவன் சுண்டுவிரலைத் தொட்டன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும். நோகாமல், பதம் பார்த்து, இளசா முற்றலா என்று தடவி.

டக்.

பிறகு அடுத்த விரலுக்கு நகர்ந்தன.