திரையோரத்துப் புள்ளிகள்

வில்லியனூரில் அரிகரனின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கத்தான் வருவார்கள். செல்வகுமாரி வந்தது வேறு விஷயத்துக்கு. சேதராப்பட்டில் இறால் கம்பெனி ஒன்றின் குளிர் அறையை அவள் நிறுத்திவிட்டாளாம், சரக்கெல்லாம் நாறிவிட்டதாம், வேலையைவிட்டு எடுக்கப்போகிறார்களாம். யாரோ ஒருத்தியின் கதைபோல இதைச் சொன்னாள்.

"நீங்க நிறுத்துனீங்களா?" என்றார் அரிகரன்.

"தெரியல சார். தண்ணி மோட்டாரத்தான் நிறுத்துனேன்னு நெனப்பு. வூட்டுக்காரரு செத்ததுலேர்ந்து எதுவும் மனசுல நிக்கல. கம்ப்யூட்டர் நான்தான்னு சொல்லுது. செஞ்சிருப்பேன்."

"அப்புறம் எதுக்குக்கா இங்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள் உதவியாளர் ஜோஸ்பின். வாயை அடக்க அவளுக்கு வராது.

"வேல போயிட்டா நாள்பூரா வூட்டுல உக்காரணும். அது என்னால முடியாது."

மூவரும் கம்பெனிக்குப் போனார்கள். அங்கே இருந்தது பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் எதுவும் கிடையாது. ஒன்றாம் ஜன்னலில் குளிர் அறை, இரண்டாம் ஜன்னலில் தண்ணீர் மோட்டார். ஒரு நேரத்தில் ஒரு ஜன்னல்தான் தெரியும். எண்ணைத் தட்டினால் மாறும். இரண்டையும் நிறுத்த ஒரே சொல்தான்: ஸ்டாப்.

ஒன்றாம் விசையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது, இரண்டில் பச்சை.

"அட்டை அட்டையா வூட்டுல கெடந்துது. இனிமே வெச்சிக்க முடியாது, தூக்கிப்போடவும் மனசு வரல. பொட்டப் பாத்துத்தான் அமுக்குவேன். திரைய பாக்கறதே இல்ல," என்றாள் செல்வகுமாரி.

ஜோஸ்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அன்னைக்கு வித்தியாசமா ஏதாவது?" என்றார் அரிகரன்.

"ஸ்டாப் அடிக்கறதுக்குக் கொஞ்சம் மின்னாடி திரை சுருங்கி, ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா வந்துது. கண்ணுல கோளாறுன்னு வுட்டுட்டேன். ஸ்டாப் அடிச்சிட்டு சாப்புடப் போனேன். வந்து பாத்தா தொட்டி வழிஞ்சி வாசல்பூரா தண்ணி."

சூப்பர்வைசர் கலைவேந்தன் குறுக்கே புகுந்தார். "நான் அன்னிக்கு பாகூர்ல காதுகுத்துல இருந்தேன் சார். போனையே தொடல. இவங்க நிறுத்தறதுக்குக் கொஞ்சம் மின்னாடிகூட மைனஸ் பதினெட்டுல ஜம்முனு ஓடிச்சி."

அரிகரன் மேனேஜரை வரவழைத்தார். செல்வகுமாரியின் பாஸ்வேர்டைப் போட்டு ஜோஸ்பினைத் தன் செல்போனிலிருந்து உள்ளே போகச் சொன்னார். மேசைத் திரை சட்டென்று செல்போன் அளவுக்குச் சுருங்கியது. மிச்ச இடமெல்லாம் புள்ளி. ஜோஸ்பின் செல்போனில் ஒன்றாம் எண்ணைத் தட்டினாள். மேசையில் மோட்டார் மறைந்து குளிர் அறை வந்தது.

"ஒரே பாஸ்வேர்டுல ரெண்டு பேர் உள்ளே இருந்தா, ஒருத்தர் மாத்தினது இன்னொருத்தருக்கும் மாறிடும்," என்றார் அரிகரன். "இவங்க பச்சைப் பொட்டை அமுக்கினாங்க, மோட்டார் வந்தது. ஸ்டாப் அடிக்கறதுக்குள்ள யாரோ செல்போன்ல குளிர் அறையைத் திறந்திருக்காங்க. இவங்க கண்ணு விரல்ல இருந்தது. ஸ்டாப் குளிர் அறையில போய் விழுந்தது. மோட்டார் நிக்காம தொட்டி வழிஞ்சது."

"யாரது?" என்றார் மேனேஜர்.

"பாகூர்ல போனைத் தொடாம இருந்தவருக்கு மைனஸ் பதினெட்டு எப்படித் தெரியும்?"

கலைவேந்தனின் முகம் தொங்கிப்போனது. "போன்ல பாக்கக்கூடாதுன்னு ஆர்டர் சார். இவங்க பாஸ்வேர்டுல போயி சும்மா ஒரு பார்வை பாத்துட்டு வெளிய வந்துட்டேன். இப்டி ஆவும்னு தெரியாது. அப்புறம் சொல்லப் பயமாயிடுச்சி."

அவர் பயத்துக்கு இன்னொருத்தி வேலையா என்று ஜோஸ்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்வகுமாரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்மேல தப்பில்லம்மா," என்றார் மேனேஜர். "இன்னைக்கு வீட்டுக்குப் போய் ஓய்வெடு. நாளைக்கு வா."

"வூட்டுக்கா?" என்றாள்.

ஜோஸ்பின் செல்போனில் வெளியே வந்தாள், மேசைத் திரை பழையபடி விரிந்தது. செல்வகுமாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பச்சைப் பொட்டை அமுக்கினாள். பிறகு தலையைத் தூக்கித் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். புள்ளி ஒன்றும் இல்லை.

"யாரும் இல்ல சார்," என்றாள். "நான் மட்டுந்தான்."